“மறுபடியும் பிறக்கவேண்டும்” என்றால் மறுபிறவி என்றே கேட்கிறது: ஞானஸ்நான வகுப்பில் எப்படி விளக்குவது?

கேள்வி – ரங்கூன்_திண்ணை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரங்கூனில் ஒரு தமிழ்ச் சபையின் ஞானஸ்நான வகுப்புக்குப் பாடம் எழுத வேண்டியிருக்கிறது. ஆறு பேர். நால்வர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவர் பர்மியர், தமிழ் வீட்டில் பெண் எடுத்தவர்கள். தமிழ் பேசினால் புரியும், வாசிக்க வராது.

யோவான் 3-ஆம் அதிகாரம் வந்ததும் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. “மறுபடியும் பிறக்கவேண்டும்” என்றவுடன் நால்வரும் “அதுதான் தெரியுமே” என்று தலையாட்டுகிறார்கள். பர்மியர் ஒருவர், “போன ஜென்மம் ஞாபகம் இருக்கிற லூவின்சா மாதிரியா?” என்று கேட்கிறார். பரலோகம் என்றாலும் இதே கதைதான். புண்ணியம் இருக்கும்வரை தங்கிவிட்டுத் திரும்பிவரும் இடம் என்றே மனதில் பதிகிறது.

கேட்க விரும்புவது இவை. எந்தச் சொல்லை வைத்து, எந்த வசனத்தை எந்த வரிசையில் எடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்? ஞானஸ்நானத்தில் பெயரை மாற்றத்தான் வேண்டுமா? உடலை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தால் உயிர்த்தெழுதலுக்குக் குறைவு உண்டா? பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம், வகுப்பில் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும்படியான பதில் வேண்டும்.

பதில் – மோல்மீன்_உபதேசியார்

எதிர்த்துக் கேள்வி கேட்கிறவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் தம்பி. தெரியும் என்று தலையாட்டுகிற அந்த நால்வரைத்தான் கவனிக்க வேண்டும்.

குழப்பத்தில் பாதி நம் வேதாகமத்துச் சொற்களிலேயே இருக்கிறது. 1871-இல் முழுமையான பழைய திருப்புதலில் (நம் சபைகளில் வாசிக்கும் வேதாகமம்) தீத்து 3:5-ஐப் பாருங்கள்: “மறுஜென்ம முழுக்கினாலும், பரிசுத்த ஆவியினுடைய புதிதாக்குதலினாலும்” இரட்சித்தார் என்று இருக்கிறது. மத்தேயு 19:28-இலும் “மறுஜென்மகாலத்திலே” என்றுதான் இருக்கிறது. இந்துக் குடும்பத்துப் பிள்ளை இதை வாசித்தால் வேறு என்ன நினைக்கும்? இரண்டு இடத்திலும் கிரேக்கச் சொல் ஒன்றே, பாலிங்கெனேசியா. தீத்துவில் அது ஒரு மனுஷன் கழுவப்பட்டுப் புதிதாவதைக் குறிக்கிறது. மத்தேயுவில் மனுஷகுமாரன் சிங்காசனத்தில் வீற்றிருக்கும்போது உலகம் முழுவதும் புதிதாவதைக் குறிக்கிறது. ஓர் ஆத்துமா ஒரு கூட்டை விட்டு இன்னொரு கூட்டுக்குப் போவது என்ற பொருள் இரண்டு இடத்திலும் இல்லை. ஒரே சொல் இரண்டுக்கும் வருவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசியில் உலகத்துக்கெல்லாம் நடக்கப்போவது, ஞானஸ்நானம் எடுக்கிறவரிடத்தில் இப்போதே தொடங்கிவிடுகிறது. நம்முடைய நம்பிக்கை முழுவதும் இதில் அடங்கும்.

யோவான் 3:3-இல் உள்ள சொல் வேறு. “அனோதென்” என்பதற்கு “மறுபடியும்” என்றும் “மேலிருந்து” என்றும் இரண்டு பொருள் உண்டு. அதே அதிகாரம் 31-ஆம் வசனத்தில் அதே சொல்லை நம் வேதாகமம் “உன்னதத்திலிருந்து” என்று மொழிபெயர்க்கிறது. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, தாயின் வயிற்றுக்குள் திரும்பப் போவது எப்படி என்று கேட்டான். ஆகவே இந்த வசனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் நம் வகுப்பில் இல்லை, அந்த அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறான். இதைச் சொல்லித் தொடங்கினால் கேட்கிறவர்களுக்கும் கூச்சம் குறையும். “மேலிருந்து பிறப்பது” என்று ஒரு மாதம் பழக்கிவிட்டு, அப்புறம் “மறுபடியும்” என்பதற்கு வாருங்கள்.

புரிந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: “இந்தப் பிறப்பு சாவுக்கு முன்னாலா, பின்னாலா?” பின்னால் என்று பதில் வந்தால் பாடம் இன்னும் ஏறவில்லை. யோவான் 5:24-ஐத் திறந்து காட்டுங்கள்: விசுவாசிக்கிறவன் “மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்.” நீங்குவான் என்று அங்கே இல்லை. நீங்கியாயிற்று.

அடுத்த சிக்கல் “நித்தியஜீவன்.” சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே அநாதி. உயிருக்குத் தொடக்கமும் இல்லை, அழிவும் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவரிடம் “உனக்கு நித்திய ஜீவன் கிடைக்கும்” என்றால், ஏற்கெனவே கையில் இருப்பதை விலைபேசுகிற மாதிரிதான் இருக்கும். இங்கே 1 தீமோத்தேயு 6:16 வேண்டும்: சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது. நம் உயிர் தன் பலத்தால் நிலைப்பதில்லை, அவர் கொடுத்தால்தான் உண்டு. அடுத்து யோவான் 17:3. மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் “அறிவதே நித்தியஜீவன்” என்று ஆண்டவரே அதற்குப் பொருள் சொல்லிவிட்டார். காலத்தின் நீளத்தை அவர் முதலில் சொல்லவில்லை, உறவைத்தான் சொன்னார். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் வரும் “நிலைவாழ்வு” என்ற சொல் இந்த இடத்தில் நம் சொல்லைவிடத் தெளிவாக இருக்கிறது. வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

இன்னொரு சின்னச் சொல்லும் காலை வாரும். 1 பேதுரு 1:4-இல் “அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரத்திற்கேதுவாக” என்று வரும். சுதந்தரம் என்றால் அங்கே வாரிசுரிமை, தகப்பன் பிள்ளைக்கு வைத்திருக்கும் சொத்து. இளையவர்கள் அதைச் சுதந்திரம் என்று வாசித்து, விடுதலை என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். வசனமே வேறு திசைக்குப் போய்விடுகிறது.

பதில் – நெல்விதை

உபதேசியார் ஐயா சொற்களை நன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பாடம் நடத்தும் முறையை நான் எழுதுகிறேன்.

நாலு வாரம், வாரம் 40 நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் வேலை முடிந்து வருகிறவர்கள் களைத்துப்போவார்கள். ஒரே வாரத்தில் யோவானிலிருந்து வெளிப்படுத்தல்வரை ஓடுவதுதான் இந்தப் பாடத்தில் வழக்கமாக நடக்கும் தப்பு. கேட்கிறவர் புரியாத இடங்களை எல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பிறவிச் சக்கரத்தைக்கொண்டு நிரப்பிக்கொள்வார்.

மூன்று முழம் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சணல் நல்லது, நைலான் முடிச்சு நழுவும். அதில் நாலு முடிச்சு. முதல் முடிச்சு மேலிருந்து பிறப்பது. இரண்டாவது சரீர மரணம். மூன்றாவது உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும். நாலாவது புதிய வானம், புதிய பூமி. முதல் முடிச்சுக்கு முன்னால் ஒரு சாண் விடுங்கள், நாலாவதற்குப் பிறகு மீதிக் கயிறு முழுவதையும் விடுங்கள். ஒரு முனையை வகுப்பில் ஒருவர் பிடிக்கட்டும், மறுமுனையைக் கதவுக்கு வெளியே நீட்டி வையுங்கள்.

கயிற்றை முதலில் வளையமாகக் கட்டி, “இது அவர்கள் நம்பிக்கை, இது நம் நம்பிக்கை” என்று காட்டும் ஆசை வரும். அது வேண்டாம். இரண்டு காரணம். வீட்டுக்குப் போனபின் மனதில் நிற்பது வளையம்தான். அதோடு பர்மியருடைய நம்பிக்கையை அது சரியாகக் காட்டவும் செய்யாது. பௌத்தத்தில் நிலையான ஆத்துமா என்று ஒன்று இல்லை, அனத்தா என்பது அவர்கள் அடிப்படை. ஓர் ஆள் ஊர் மாறுகிற மாதிரி ஆத்துமா உடல் மாறுகிறது என்று அவர்கள் சொல்வதாக நாம் சொன்னால், விவரம் தெரிந்த பர்மியர் அந்த நிமிஷமே நம்மை நம்புவதை விட்டுவிடுவார்.

முதல் வாரம் யோவான் 3:1–16 மட்டும். ஐயா சொன்ன ‘முன்னாலா பின்னாலா’ கேள்வியோடு முடியுங்கள்.

இரண்டாம் வாரம் ரோமர் 6. ஞானஸ்நானத்தில் ஒருவன் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுகிறான், அவரோடு எழுப்பப்படுகிறான். கயிற்றின் இரண்டாம், மூன்றாம் முடிச்சில் நடக்கப்போவது முதல் முடிச்சிலேயே முன்கூட்டி நடக்கிறது. இதைச் சொல்லும்போது கயிற்றை மடக்கி மூன்றாம் முடிச்சை முதல் முடிச்சின்மேல் வைத்துக் காட்டுங்கள், பேச்சு தேவைப்படாது. பிறகு 2 கொரிந்தியர் 5:17, “புதுச்சிருஷ்டி.” அதன்பின் ரோமர் 6:23. சம்பளம், கிருபைவரம் என்ற இரண்டு சொல்லையும் பலகையில் எதிரெதிரே எழுதுங்கள். குதோ (பர்மியர் சொல்லும் புண்ணியம்) சேர்த்தால் நல்ல இடம் கிடைக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு நித்தியஜீவன் கூலிப் பக்கத்தில் இல்லை என்பது கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும். இங்கே ஒரு கேள்வி தவறாமல் வரும்: “அப்படியானால் நல்லது எதற்குச் செய்ய வேண்டும்?” அதே அதிகாரம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. ரோமர் 6:1–2-ஐத் திரும்ப வாசியுங்கள், நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள்.

மூன்றாம் வாரம் 1 கொரிந்தியர் 15:35–49. ஆளுக்கு ஒரு பிடி விதைநெல், ஒரு நெற்கதிர். ரங்கூன் கடைகளில் அரிசிதான் கிடைக்கும், அரிசி முளைக்காது, உமியோடு நெல்லாகவே தேடி வாங்குங்கள். “ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்” என்ற 44-ஆம் வசனத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிக்குரிய சரீரம் என்றால் புகைமாதிரி உருவம் என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். சரீரம் என்ற சொல் அந்த வரியில் இரண்டு தடவை வருகிறது. பரிசுத்த ஆவியால் உயிர்பெற்ற சரீரம் என்பதே பொருள். உயிர்த்தெழுந்த கர்த்தர் பொரித்த மீனைச் சாப்பிட்டதை லூக்கா 24:42–43-இல் காட்டுங்கள். நெல்லும் கதிரும் பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை, ஆனாலும் அந்த நெல்லிலிருந்து அந்தக் கதிர். வேறு ஒருவர் வந்து பிறப்பது இல்லை, அதே ஆள். மறுபிறவிக்கும் உயிர்த்தெழுதலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த வாரத்தில்தான் விளங்கும். எபிரெயர் 9:27-ஐ, “ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்”, இங்கே கடைசியில் வையுங்கள். முதல் வாரத்திலேயே அதை எடுத்தால் பயமுறுத்தல் மாதிரி ஆகிவிடும்.

நாலாம் வாரம் வெளிப்படுத்தல் 21:1–5. பாதிப்பேருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்: நகரம் மேலே போகவில்லை, கீழே இறங்கி வருகிறது. அதே புத்தகம் 7:9-இல் சிங்காசனத்துக்கு முன் நிற்கிறவர்கள் சகல ஜாதிகளிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்தவர்கள் என்று இருக்கிறது. பாஷை அழிந்துபோகவில்லை. தமிழனும் பர்மியனும் அங்கே அடையாளம் இல்லாத ஒரே மாவாக அரைக்கப்படுவதில்லை.

பர்மியர் இருவருக்கும், அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய ஜெபத்தில் நாம் “பரமண்டலங்களிலிருக்கிற” என்கிற இடத்தில் அவர்களுக்குக் “கௌங்கின்போன்” என்று வரும். பௌத்தர் எண்ணும் 31 போன்களிலும் (பிறவி எடுக்கும் உலகங்கள்) அந்தப் போன் என்ற சொல்லே இருக்கிறது. அவை எல்லாம் தங்கிவிட்டுப் போகும் இடங்கள். ஆவி என்பதற்கு அவர்கள் வேதாகமத்தில் இருப்பது பாலி மொழியின் விஞ்ஞாணம் (உணர்வு) என்பதிலிருந்து வந்த சொல், பௌத்தப் பாடத்தில் அது கணத்துக்குக் கணம் தோன்றி மறைவது. ஜட்சன் தப்பு செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. எந்த மொழியிலும் கிடைக்கிற பாத்திரத்தில்தான் ஊற்ற முடியும். ஆனால் பாத்திரத்தில் முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்து ஊற்றவேண்டும். அவசரப்படவும் வேண்டாம். 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கிய ஜட்சன், முதல் பர்மியரான மாவுங் நாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில். ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

பதில் – ஞாங்லேபின்_கெபி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து பெயர், எரியூட்டல் இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

திருமுழுக்கில் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்ற சட்டம் எங்களிடமும் இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 855, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் இடப்படாமல் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டைப் பாருங்கள். அப்பொல்லோ என்ற பெயரில் அப்பொல்லோ தெய்வம் இருக்கிறது. எப்பாப்பிரோதீத்து என்ற பெயரில் அப்ரோதித்தே இருக்கிறாள். ரோமர் 16:14-இல் வாழ்த்துப் பெறும் எர்மே என்பவருக்குக் கிரேக்கத் தெய்வத்தின் பெயரே. யாரும் மாற்றச் சொல்லவில்லை. சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனார் என்று பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். தமஸ்கு வழி சம்பவம் அப்போஸ்தலர் 9-இல், பெயர் மாற்றி எழுதப்படுவது 13:9-இல், சீப்புரு தீவில், பல வருஷம் கழித்து. இரண்டும் அவருக்கு முன்பே இருந்த பெயர்கள்.

ரங்கூன் தமிழருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், கோயிலில் ஞானப் பெயர் என்று ஒருவருக்கே மூன்று. பதிவேட்டில் ஞானப் பெயரை மட்டும் எழுதிவிட்டால், கல்யாணத்துக்குச் சான்றிதழ் எடுக்கும்போது ஆள் அவர்தான் என்று காட்ட முடியாமல் போகும். அட்டையில் உள்ள பெயரை அதே எழுத்துக்கூட்டலில் முதலில் எழுதி, பக்கத்தில் ஞானப் பெயர், பெற்றோரின் பெயர், பிறந்த தேதி சேர்த்து எழுதுங்கள். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே தகப்பனார் பெயர் விடுபட்டால் தேடவே முடியாது.

புதிய பெயர் என்பதன் முழுப் பொருள் திருவெளிப்பாடு (உங்கள் வெளிப்படுத்தல்) 2:17-இல் இருக்கிறது: வெண்கல்லின்மேல் எழுதிய, பெறுகிறவரைத் தவிர யாரும் அறியாத பெயர். அதைக் கொடுப்பவர் கிறிஸ்து. பங்கு அலுவலகத்தில் எழுதுவது அந்தப் பெயர் இல்லை. திருமுழுக்குச் சடங்கில் புது அடையாளத்தைக் காட்டுவது வெண்ணிற ஆடையும், பாஸ்கா திரியிலிருந்து கொளுத்திக் கொடுக்கும் மெழுகுதிரியும், கிறிஸ்மா தைலமும்தான். ஆடை கொடுக்கும்போது, புதுப் படைப்பாகிக் கிறிஸ்துவை அணிந்துகொண்டீர் என்ற பொருளில் குரு சொல்லும் வார்த்தைகளைப் பர்மிய உறவினருக்கும் ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால் நல்லது. வெள்ளை ஆடை என்றால் அவர்களுக்கு வேறு பல நினைவு வரும்.

எரியூட்டல் பற்றி: 1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது, உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை. 2016-இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைப் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது, ஆற்றிலோ கடலிலோ காற்றிலோ தூவக்கூடாது என்கிறது. கரைத்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்பது காரணம் இல்லை. 177-இல் லியோன் நகரத்து மறைசாட்சிகளின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள், இனி இவர்கள் எப்படி எழுகிறார்கள் பார்ப்போம் என்று. அவர்கள் எழுவார்கள் என்பதில் அன்றைய திருச்சபைக்குச் சந்தேகம் வரவில்லை. கரைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், பார்ப்பவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்பதுதான். நம் ஊரில் அஸ்தி கரைப்பது, இந்த உடலோடு கணக்கு முடிந்தது, உயிர் அடுத்த பயணம் போகட்டும் என்று சொல்கிற செயல். கல்லறை சொல்வது வேறு. கல்லறையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லான கொய்மெத்தேரியோன் என்பதற்கே தூங்கும் இடம் என்று பொருள். எழுப்பப் போகிறவரைத்தான் தூங்கவைப்பார்கள்.

ஜட்சன் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மனைவி ஆன் 1826-இல் பர்மாவின் ஆம்ஹெர்ஸ்டில் அடக்கமானார். இரண்டாம் மனைவி சாரா 1845-இல் செயின்ட் ஹெலினா தீவில். ஜட்சன் 1850 ஏப்ரல் 12 அன்று கப்பலில் இறந்து வங்காள விரிகுடாவில் இறக்கப்பட்டார், அவருக்குக் கல்லறையே இல்லை. திருவெளிப்பாடு 20:13 சமுத்திரமும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் என்கிறது. குறைவு யாருக்கும் இல்லை.

உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி யாராவது கேட்டால் ஒரு வரி: அது இரண்டாவது வாய்ப்பும் இல்லை, இன்னொரு பிறவியும் இல்லை. அருளில் இறந்தவர்கள் தூய்மை பெறும் நிலை. மறுபிறவி இல்லை என்று 1992-இல் வந்த மறைக்கல்வி நூலின் 1013-ஆம் எண் நேராகவே சொல்கிறது.

பதில் – பாஷாணம்_பார்க்காதவன்

பெயரும் அடையாள அட்டையும் வந்ததால் ஒரு வசனம் சேர்க்கிறேன். பிலிப்பியர் 3:20. பழைய திருப்புதலில் “நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது.” திருவிவிலியத்தில் “நமக்கோ விண்ணகமே தாய்நாடு.” மூலத்தில் உள்ள சொல் பொலித்தியூமா, குடியுரிமை என்பது அதற்கு நெருங்கிய சொல்.

தாய்நாடு என்று மட்டும் படித்தால் பர்மாத் தமிழருக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். 1964-க்குப் பிறகு கப்பலேறித் திரும்பியவர்களின் பேச்சில் தாய்நாடு என்றால் இங்கிருந்து கிளம்பிப் போகிற இடம். பிலிப்பி அப்படி இல்லை. கி.மு. 42-இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ரோமப் போர்வீரர்களைக் குடியேற்றிய ஊர் அது. அவர்கள் ரோமக் குடிகள், ஆனால் ரோமுக்குத் திரும்பிப்போகக் காத்திருந்தவர்கள் இல்லை. இருக்கும் ஊரில் ரோமின் சட்டப்படி வாழ்ந்தார்கள். வசனத்தின் மறுபாதியையும் படியுங்கள்: “அங்கிருந்து” இரட்சகர் வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் வருகிறார். நெல்விதை அக்கா சொன்ன இறங்கிவரும் நகரத்தோடு இது அப்படியே பொருந்துகிறது.

1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபின் இந்த நாட்டில் முழுக் குடிமகன், இணைக் குடிமகன், இயல்புரிமைக் குடிமகன் என்று மூன்று தரம். அட்டையும் ரோஜா நிறம், நீலம், பச்சை என்று மூன்று. எபேசியர் 2:19 சொல்லும் நகரத்தில் தரம் இல்லை: “அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து.” இதைப் பர்மாத் தமிழர் கூட்டத்தில் மெதுவாக வாசித்தால் விளக்கம் வேண்டாம்.

இங்கே ஒரு தப்பு நடக்கும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். “பரலோக அட்டை இருக்கும்போது இந்த அட்டை எதற்கு?” என்று மேடையில் சொல்வது. அட்டை இல்லாதவருக்குப் பயணமும் படிப்பும் வேலையும் எவ்வளவு கஷ்டம் என்று அறியாதவர் பேச்சு அது. பவுல் அதே பிலிப்பியில் சிறையிலிருந்து, நாங்கள் ரோமர், விசாரியாமல் எங்களை அடித்தீர்கள் என்று தன் குடியுரிமையைச் சொல்லி நியாயம் கேட்டார், அப்போஸ்தலர் 16:37. பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதின அதே மனுஷன். ஆகவே வகுப்பு முடிந்ததும் அட்டைக்கு விண்ணப்பம் எழுத உதவி வேண்டியவருக்கு உதவுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை.

மறுகேள்வி – ரங்கூன்_திண்ணை

ஐயாமார், அக்கா எல்லாருக்கும் நன்றி. கயிறும் நெல்லும் வாங்கியாயிற்று. ஒன்று விட்டுப்போயிற்று. மூன்றாம் வாரம் எபிரெயர் 9:27 வந்ததும் ஒரு கேள்வி நிச்சயம் எழும்: “சுவிசேஷம் கேட்காமல் செத்துப்போன எங்கள் அப்பா அம்மா எங்கே?” மறுபிறவி நம்பிக்கையில் அவர்கள் எங்கோ ஒரு வீட்டில் பிறந்திருப்பார்கள் என்ற ஆறுதலாவது இருந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைக் கொடுப்பது? கல்லறைக்கல்லில் என்ன எழுதுவது என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதில் – மோல்மீன்_உபதேசியார்

கல்லறைக்கல் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். “தோற்றம் – மறைவு” என்று போடுவது பழக்கம். மறைவு என்ற சொல் தீபம் அணைந்த மாதிரி இருக்கிறது. “பரலோக பதவி அடைந்தார்” என்பது சிவலோக பதவி, வைகுண்ட பதவி என்பதைப் பார்த்து எழுதினது, பதவி என்ற எண்ணமே நம்முடையது இல்லை. “பிறப்பு”, “கர்த்தருக்குள் நித்திரை” என்று இரண்டு தேதி, கீழே 1 கொரிந்தியர் 15:20 போதும். நித்திரை என்பதால் ஆத்துமாவுக்கும் நினைவில்லை என்று சிலர் பொருள் கொள்வார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் அப்படித்தான் போதிக்கிறார்கள். மற்றச் சபைகளில் பெரும்பாலும் நித்திரை சரீரத்துக்கு, ஆத்துமா கிறிஸ்துவோடு என்று பிலிப்பியர் 1:23-ஐயும் லூக்கா 23:43-ஐயும் வைத்துப் போதிக்கிறோம். உங்கள் சபையின் போதனையை முன்கூட்டியே போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா கேள்வி கஷ்டமானது. இதில் சபைகளுக்குள் ஒரே வார்த்தை இல்லை. கத்தோலிக்கர் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டின் 16-ஆம் எண், தங்கள் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தவர்கள் மீட்பு அடையக்கூடும் என்கிறது. சுவிசேஷ சபைகளில் பலர் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆனால் நரகத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுட்டிச் சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. பரலோகத்தில் இருக்கிறார்கள் என்று நாமாகச் சான்றிதழ் எழுதவும் முடியாது. ஆதியாகமம் 18:25-இல் ஆபிரகாம் சோதோமுக்காக நின்று கேட்கிறார்: “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?” அவரும் பதில் தெரியாமல்தான் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நியாயாதிபதியின் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது என்பது நமக்குக் கூடுதலாகத் தெரியும்.

வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் கயிற்றைக் கீழே வைத்துவிடுங்கள். அன்றைக்கு மீதிப் பாடம் நடக்காவிட்டாலும் பரவாயில்லை. கேட்டவரிடம் அவர் அப்பா அம்மாவின் பெயரைக் கேளுங்கள், என்ன தொழில் செய்தார்கள், பிள்ளையை எப்படி வளர்த்தார்கள் என்று சொல்லவிடுங்கள். முடிவு ஜெபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லி, இவரை எங்களுக்குப் பெற்றுத் தந்தவர்களுக்காக நன்றி என்று தேவனுக்குச் சொல்லுங்கள். எந்தச் சபைப் போதனைக்கும் அது விரோதம் இல்லை.